ஒன்பது மாதக் குழந்தை செய்வது அடமா?

கேள்வி: 2024 பிப்ரவரி 11

என் மகனுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. தவழ்ந்து போய்ச் சுவரோரம் இருக்கும் சார்ஜர் ஒயரைப் பிடித்து இழுக்கிறான். "வேண்டாம்" என்றால் கையை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான், சிரிக்கிறான், அடுத்த நொடியே மறுபடியும் பிடிக்கிறான். தெரிந்தே அடம் செய்கிறான், இப்போதே கையில் ஒரு தட்டுத் தட்டினால்தான் அடங்குவான் என்கிறார் மாமியார். இந்த வயதில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன் குழந்தைக்கு உண்டா?

பிப்ரவரி 11, இரவு

தட்ட வேண்டாம். நீங்கள் விவரிப்பது அடமல்ல. நினைவில் வைத்துக்கொள்வது, கையைத் தடுத்துக்கொள்வது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்வது ஆகிய மூன்றையும் சேர்த்து உளவியலார் நிர்வாகச் செயல்திறன் என்கிறார்கள். பள்ளிப் பிள்ளையின் கவனத்தைப் பற்றிப் பேசும்போதுதான் இந்தச் சொல் பெரும்பாலும் நம் காதில் விழுகிறது. ஆனால் அதன் முதல் அடையாளங்கள் உங்கள் மகனின் வயதிலேயே, ஏழாம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் இடையில், வெளிப்படையாகத் தெரியத் தொடங்குகின்றன.

இதைக் காட்டும் பழைய சோதனை ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலார் ஜான் பியாஜே தம் சொந்தக் குழந்தைகளிடம் கவனித்தது அது. குழந்தையின் முன்னால் இரண்டு மறைவிடங்கள் இருக்கும். முதல் இடத்தில் பொம்மையை ஒளித்து வைத்தால் குழந்தை எடுத்துவிடும். அப்படிச் சில முறை எடுத்த பிறகு, குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொம்மையை இரண்டாவது இடத்தில் ஒளித்து வைப்பார்கள். எட்டு, ஒன்பது மாதக் குழந்தை பழையபடி முதல் இடத்திலேயே தேடும். முதல் இடத்தை 'ஏ' என்றும் இரண்டாவதை 'பி' என்றும் குறிப்பதால் 'ஏ-நாட்-பி' ('ஏ'தான், 'பி' அல்ல) பிழை என்று இதற்குப் பெயர். பொருள் என்பது நம் செயலைச் சாராமல் தனியே இருக்கும் ஒன்று என்ற அறிவு இன்னும் முழுமையடையவில்லை என்பது பியாஜே தந்த விளக்கம்.

1985இல் உளவியலார் அடேல் டயமண்ட் வெளியிட்ட ஆய்வு இந்தப் பிழையை வேறு கண்ணோடு பார்க்க வைத்தது. அவர் 25 குழந்தைகளை இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை, ஏறத்தாழ ஆறாம் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதம் வரை, தொடர்ந்து சோதித்தார். ஒளித்து வைப்பதற்கும் குழந்தையைத் தேட விடுவதற்கும் இடையே எத்தனை நொடி தாமதித்தால் பிழை வருகிறது என்பதை அளந்தார். ஏழரை மாதத்தில் இரண்டு நொடிக்கும் குறைவான தாமதமே போதுமானதாக இருந்தது. பன்னிரண்டாம் மாதத்தில் பத்து நொடிக்கு மேல் தேவைப்பட்டது. மாதத்துக்குச் சராசரியாக இரண்டு நொடி என்ற கணக்கில் அந்தத் தாங்குதிறன் வளர்ந்தது.

இதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். "வேண்டாம்" என்ற சொல்லை மனத்தில் பிடித்துக்கொண்டு, அதே நேரத்தில் கண்ணெதிரே இருக்கும் ஒயரை நோக்கிப் போகும் கையையும் அடக்க வேண்டிய வேலை அவனுடையது. அதை அவனால் எத்தனை நொடி செய்ய முடியும் என்பதே கேள்வி. கையை எடுத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு நொடி நிறுத்தம்தான் அவன் இப்போது செய்துகாட்டும் தன்னடக்கம். அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். ஒயரை அவன் கைக்கெட்டாத உயரத்துக்கு மாற்றிவிடுங்கள். மின்சாரம் சம்பந்தப்பட்ட எதையும் இந்த வயதுக் குழந்தையின் அடக்கத்தை நம்பி விடக் கூடாது.

பிப்ரவரி 12

சிரிப்பைப் பற்றி நேற்று எழுதவில்லை. இந்த வயதில் குழந்தை தனக்குப் புரியாத சூழலில் பெரியவர் முகத்தைப் பார்த்து, அதிலிருந்து என்ன செய்யலாம் என்பதைத் தெரிந்துகொள்ள முயல்கிறது. அவன் பார்ப்பது உங்களைச் சீண்டுவதற்காக என்று கொள்ள வேண்டியதில்லை. பெரும்பாலும் நாமும் பாதிச் சிரிப்போடுதான் "வேண்டாம்" என்கிறோம். அந்த முகத்துக்கு அவன் திருப்பித் தரும் பதில் சிரிப்பாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 14

என் மகளுக்கு எட்டரை மாதம் இருந்தபோது இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்து பார்த்திருக்கிறேன். ஆரம்பநிலைத் தலையீட்டு மையம் ஒன்றில் குழந்தைகளோடு பணிபுரிபவள் என்பதால் அதைப் பற்றி முன்பே படித்திருந்தேன். ஆனாலும் என் குழந்தையிடம் அதை நேரில் பார்த்தது வேறு அனுபவமாக இருந்தது. இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களைத் தரையில் கவிழ்த்து வைத்து, ஒன்றுக்குள் மரக் கிலுகிலுப்பையை ஒளித்தேன். அவள் தந்தை அவளை மடியில் பிடித்திருந்தார். இடப்பக்கக் கிண்ணத்தில் வைத்தபோதெல்லாம் அவள் தூக்கி எடுத்தாள். வலப்பக்கத்துக்கு மாற்றி, சிறிது நேரம் அவளைப் பிடித்திருந்துவிட்டு விட்டபோது, அவள் கண் வலப்பக்கக் கிண்ணத்தின் மேலேயே இருந்தது. கை மட்டும் இடப்பக்கம் போனது. வெறும் தரையைக் கண்டதும் அவள் முகத்தில் தோன்றிய குழப்பத்தை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை.

கண் ஒரு பக்கமும் கை மறுபக்கமும் போவது என் மகளுக்கு மட்டும் நடந்ததல்ல. சில குழந்தைகள் சரியான இடத்தைப் பார்த்துக்கொண்டே தவறான இடத்துக்குக் கை நீட்டுவதை டயமண்டும் பதிவு செய்திருக்கிறார். பியாஜேயின் விளக்கம் எனக்குப் போதாமல் போனது இந்த இடத்தில்தான். பொருள் எங்கே இருக்கிறது என்ற அறிவு கண்ணில் இருக்கிறது, கையில் இல்லை என்றால், குறை அறிவில் இருக்க முடியாது. கை நீட்டத் தேவையில்லாமல் பார்வையை மட்டும் அளந்த ஆய்வுகளும் அதையே காட்டின. 1985இல் ரெனே பையர்ஜான், எலிசபெத் ஸ்பெல்கி, ஸ்டான்லி வாசர்மன் மூவரும் ஐந்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு காட்சியைக் காட்டினார்கள். ஒரு பலகை சுழன்று, தன் பின்னால் மறைந்திருந்த பெட்டியின் ஊடாகவே கடந்து போவதுபோல் அமைந்த காட்சி அது. நடக்கக்கூடிய காட்சியைவிட இந்த நடக்க முடியாத காட்சியைக் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தார்கள். மறைந்த பெட்டி அங்கேயே இருக்கிறது என்று ஏதோ ஒரு வகையில் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பார்வை நேரத்தை எப்படிப் பொருள்கொள்வது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இருந்தாலும், தெரிவதும் தெரிந்தபடி செய்வதும் வெவ்வேறு காலத்தில் வளர்கின்றன என்ற முடிவை நான் ஏற்கிறேன்.

இன்னொரு சோதனை இதைவிடத் தெளிவானது. ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் கண்ணாடி போன்ற தெளிவான பெட்டிக்குள் பொம்மையை வைப்பார்கள். ஆறு, எட்டு மாதக் குழந்தை எந்தப் பக்கத்தின் வழியாகப் பொம்மையைப் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலேயே கையை மோதிக்கொண்டிருக்கும். திறந்த பக்கம் ஓரத்தில் இருந்தாலும் அங்கே கை போகாது. பதினொன்று, பன்னிரண்டு மாதம் ஆகும்போது பக்கவாட்டில் கையைச் சுற்றி விட்டு எடுத்துவிடும். உள்ளே இருப்பது தெரியாத பெட்டியாக இருந்தால் சின்னக் குழந்தைகளுக்கும் வேலை எளிதாகிறது. கண்ணுக்குத் தெரியும் பொருள் கையை நேராக இழுக்கிறது. அந்த இழுப்பை அடக்கினால்தான் சுற்றுவழி கிடைக்கும். கேள்வி கேட்டவரின் மகனுக்கு ஒயர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிப்ரவரி 15

மூளையில் இதற்கு ஆதாரம் உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்டு, அதுவும் நோபல் பரிசுக்கு உரியது என்று நான் நினைக்கும் அளவுக்குப் பொறுமையாகச் சேர்க்கப்பட்ட ஆதாரம்.

1930களில் கார்லைல் ஜேக்கப்சன், முன்நெற்றிப் புறணி (நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி) சேதமடைந்த குரங்குகளால் சில நொடிகளுக்கு முன் உணவு ஒளித்து வைக்கப்பட்ட இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாமல் போவதைக் கண்டார். பிறகு பாட்ரிசியா கோல்ட்மன்-ராக்கிச் அந்தப் புறணியின் நரம்பணுக்களையும் இணைப்புகளையும் ஆராய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார். டயமண்ட் அவரோடு சேர்ந்து, குழந்தைகளுக்குச் செய்த அதே ஒளித்து வைக்கும் சோதனையை ரீசஸ் குரங்குகளுக்குச் செய்தார். 1989இல் வெளியான அந்த ஆய்வில், முன்நெற்றிப் புறணியின் மேல்-பக்கவாட்டுப் பகுதி அகற்றப்பட்ட வளர்ந்த குரங்குகள் இரண்டு முதல் ஐந்து நொடித் தாமதத்திலேயே ஏழரை முதல் ஒன்பது மாதக் குழந்தைகளைப் போலப் பிழை செய்தன. மூளையின் உச்சிப் பக்கம் இருக்கும் உச்சிமடல் பகுதி சேதமடைந்த குரங்குகள் அப்படிச் செய்யவில்லை. மூளையின் எந்தப் பகுதி முதிர வேண்டும் என்பதை இதைவிட நேரடியாகச் சுட்டுவது கடினம்.

அதன்பின் வந்ததுதான் என் தொழிலோடு நெருங்கியது. பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாட்டில், உணவிலுள்ள பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடலால் மாற்ற முடியாது. பிறந்த சில நாட்களுக்குள் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்து, உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்கினால் கடும் அறிவுக் குறைபாடு தடுக்கப்படுகிறது. அப்படிச் சிகிச்சை பெற்ற, ரத்தத்தில் பினைல்அலனின் இயல்பைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு இருந்த குழந்தைகளை டயமண்டின் குழு பல ஆண்டுகள் தொடர்ந்தது. அந்த அளவு அப்போது பாதுகாப்பானது என்று கருதப்பட்டது. 1997இல் வெளியான முடிவின்படி, நினைவில் பிடித்துக்கொண்டு தன்னைத் தடுத்துக்கொள்ளும் சோதனைகளில் மட்டும் இந்தக் குழந்தைகள் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பின்தங்கினார்கள். மற்ற சோதனைகளில் இயல்பாக இருந்தார்கள். பினைல்அலனினும் டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் மூளைக்குள் நுழைய ஒரே வாசலுக்குப் போட்டியிடுகின்றன. நரம்பணுக்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் டைரோசினிலிருந்துதான் உண்டாகிறது. முன்நெற்றிப் புறணிக்குப் போகும் டோபமின் நரம்புகள் மிக வேகமாக இயங்குபவை என்பதால், டைரோசின் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் பாதிக்கப்படுவது அந்தப் பகுதிதான்.

ஒரு குழந்தை அடக்கமில்லாமல் இருப்பதாக உறவினர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும். ரத்தத்தில் ஒரு வேதிப்பொருளின் அளவு சற்றுக் கூடியிருந்ததால் கையை அடக்க முடியாமல் போன குழந்தையை யாரால் குறை சொல்ல முடியும்?

பிப்ரவரி 19

முந்தைய குறிப்பை மட்டும் படிப்பவர், மூளை முதிரும்வரை காத்திருந்தால் போதும், வேறெதற்கும் இடமில்லை என்று முடிவு செய்துவிடலாம். இரண்டு பேர் அப்படியே எழுதியும் விட்டார்கள். எனவே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

எஸ்தர் தெலன், லிண்டா ஸ்மித் இருவரும் தம் குழுவினரோடு 1999இல் வெளியிட்ட ஆய்வில் பொம்மையை ஒளிக்கவே இல்லை. இரண்டு மூடிகள் மட்டும் இருந்தன. ஒரு மூடியை ஆட்டிக் காட்டிக் குழந்தையை எடுக்க வைத்து, பிறகு மற்றதை ஆட்டிக் காட்டியபோதும் குழந்தை முதல் மூடிக்கே போனது. ஒளிந்த பொருளே இல்லாதபோது, பொருளைப் பற்றிய அறிவின் குறையென்று இதைச் சொல்ல வழியில்லை. ஒரே திசையில் கை திரும்பத் திரும்பப் போனதால், அதில் மிதிபட்டுத் தேய்ந்த ஒற்றையடிப் பாதை போல ஒரு தடம் விழுந்துவிடுகிறது. முதல் இடத்துக்கு எத்தனை முறை கை போயிருக்கிறதோ அந்த அளவுக்குப் பிழையும் வலுக்கிறது. உட்கார்ந்திருந்த குழந்தையை மாற்றும் கட்டத்தில் நிற்க வைத்தால் பிழை குறைகிறது. உடலின் நிலை மாறியதும் பழைய தடத்தின் பிடி தளர்கிறது.

இதைப் படித்த பிறகு என் மகளையும் அப்படி நிற்க வைத்துப் பார்த்தேன். அவள் சரியான கிண்ணத்தை எடுத்தாள். ஒரு குழந்தையிடம் ஒரு மாலை நடந்ததை நான் ஆதாரமாக முன்வைக்கவில்லை. ஆனால் மையத்தில் ஒரே செயலில் சிக்கிக்கொள்ளும் குழந்தையைத் தூக்கி, இடம் மாற்றி உட்கார வைக்கும் வழக்கத்தை அன்றிலிருந்து நான் அதிகம் கையாளத் தொடங்கினேன்.

ஹங்கேரியிலிருந்து மூன்றாவது விளக்கமும் வந்தது. யோசெஃப் டோபால், கெர்கெலி சிப்ரா முதலியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒளித்து வைப்பவர் பத்து மாதக் குழந்தையின் கண்ணைப் பார்த்து, அழைத்துப் பேசி ஒளித்தால் பிழை அதிகம் வந்தது; பேசாமல், பாராமல் ஒளித்தால் குறைந்தது. பெரியவர் தனக்கு ஏதோ கற்பிக்கிறார், இந்தப் பொருள் இங்கேதான் இருக்கும் என்கிறார் என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் வாதம்.

மூன்று விளக்கங்களில் ஒன்றைத் தேர்ந்து மற்ற இரண்டையும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. முதிராத முன்நெற்றிப் புறணி இருப்பதால்தான் பழைய தடம் வெல்கிறது, பெரியவரின் அழைப்பும் அத்தனை ஆழமாகப் பதிகிறது என்று மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.

பிப்ரவரி 23

தவழ்தல் பற்றி. 1988இல் ரோசான் கெர்மோயன், ஜோசஃப் கேம்போஸ் இருவரும், ஒரே வயதுள்ள குழந்தைகளில் கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்ந்து பழகியவர்கள் மறைந்த பொருளைத் தேடுவதில் முன்னே இருப்பதைக் காட்டினார்கள். தானாக இடம்பெயரும் குழந்தை, தான் நகர்ந்த பிறகும் பொருள் எங்கே இருக்கிறது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஓயாத பயிற்சி அது.

அதே ஆய்வில் சக்கர வாக்கரில் நகர்ந்த குழந்தைகளும் முன்னே இருந்தார்கள் என்பது உண்மை. அதை வைத்து வாக்கர் வாங்கலாமா என்று கேட்பவருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். மாடிப்படியில் உருள்வது, அடுப்பருகே போய்விடுவது போன்ற விபத்துகளுக்காகவே கனடா 2004இல் அவற்றின் விற்பனையைத் தடை செய்தது. தரையில் ஒரு பாயை விரித்து விட்டால் குழந்தைக்குத் தேவையான இடம் கிடைத்துவிடுகிறது.

மார்ச் 2

வீட்டில் தமிழும் தெலுங்கும் பேசுவதால் குழந்தைக்குக் குழப்பம் வருமா என்ற கேள்விக்கு. குழப்பம் வராது. நன்மை உண்டா என்பதில்தான் ஆய்வுகள் மோதுகின்றன. இத்தாலியின் திரியெஸ்தே நகரில் அக்னெஸ் கோவாச், ழாக் மெலெர் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு மாதக் குழந்தைகள் ஓர் ஒலியைக் கேட்டதும் திரையின் ஒரு பக்கம் பொம்மை தோன்றும் என்று கற்றுக்கொண்டார்கள். பிறகு பொம்மை மறுபக்கத்துக்கு மாற்றப்பட்டது. பிறந்ததிலிருந்து இரண்டு மொழி கேட்டவர்கள் பார்வையை மாற்றிக்கொண்டார்கள். ஒரு மொழி மட்டும் கேட்டவர்கள் பழைய பக்கத்தையே எதிர்பார்த்தார்கள். பல இதழ்கள் இதை உற்சாகமாக எழுதின. ஆனால் டீன் டி'சூசாவும் அவர் குழுவினரும் 2020இல் இங்கிலாந்தில் ஏழு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளிடம் இதைத் திரும்பச் செய்தபோது அந்த வேறுபாடு கிடைக்கவில்லை. இரு மொழிக் குழந்தைகள் ஒரு படத்திலிருந்து கண்ணை விடுவித்து அடுத்ததற்கு விரைவாகப் போனார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

ஆகவே பாட்டி தெலுங்கில் பேசட்டும், அம்மா தமிழில் பேசட்டும். அது பாட்டிக்கும் பேரனுக்கும் உள்ள உறவுக்காக. மூளை கூர்மையாகும் என்பதற்காக, தனக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் கைக்குழந்தையோடு பேசும் பெற்றோரை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் வாயடைத்துப் போவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

மார்ச் 3

போனில் 'மூளை வளர்க்கும்' காணொளிகள் பற்றி: வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே பரிந்துரைக்கப்படவில்லை. சாம் வாஸ் குழுவினர் 2011இல் பதினொரு மாதக் குழந்தைகளின் கவனத்தைத் திரை வழியாகப் பயிற்றுவித்து முன்னேற்றம் கண்டார்கள் என்பதைச் சிலர் எதிர்வாதமாக வைக்கிறார்கள். அங்கே குழந்தையின் கண் எங்கே பார்க்கிறது என்பதைக் கருவி தொடர்ந்து கவனித்து, அதற்கு ஏற்பத் திரையை மாற்றியது. தானாக ஓடிக்கொண்டிருக்கும் காணொளிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மாறாக, சென் யூவும் லிண்டா ஸ்மித்தும் 2016இல் காட்டியதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தை ஒரு பொம்மையைப் பார்க்கும்போது பெற்றோரும் அதையே பார்த்தால், பெற்றோர் கண்ணை எடுத்த பிறகும் குழந்தை அதை அதிக நேரம் பார்த்தது. குழந்தை எதை எடுக்கிறதோ அதன்மேல் நம் கண்ணையும் வைப்பதற்குக் காசு செலவில்லை. நான் மையத்துக்கு வரும் தாய்மாருக்கு முதலில் சொல்வது இதுதான். பலர் நம்ப மறுப்பதும் இதைத்தான்.

மார்ச் 10

"இப்போதே அடங்காதவன் பின்னால் எப்படி இருப்பான்?" என்று கேள்வி கேட்டவரே மறுபடியும் எழுதியிருக்கிறார். டயமண்டின் ஆய்விலேயே, ஒரே வயதுக் குழந்தைகளுக்கிடையே தாங்கக்கூடிய தாமதம் பெரிதும் வேறுபட்டது. ஒன்பதாம் மாதத்தில் ஒரு முறை பார்த்ததை வைத்து எதையும் கணிக்கக் கூடாது.

சற்றுப் பெரிய வயதில் ஓரளவு தொடர்பு தெரிகிறது. அமெரிக்காவின் கொலராடோவில் இரட்டைக் குழந்தைகளைத் தொடர்ந்த நவோமி ஃப்ரீட்மன் குழுவினர், 14, 20, 24, 36 மாதங்களில் கவர்ச்சியான ஒரு பொம்மையை 30 நொடி தொடாமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அந்த மாதங்களில் அடக்கம் வளர்ந்த விதம், 17 வயதில் அளந்த நிர்வாகச் செயல்திறனோடு தொடர்புடையதாக இருந்தது என்று 2011இல் எழுதினார்கள். பல அளவீடுகளைச் சேர்த்துப் பெரும் கூட்டத்தில் கண்ட போக்கு அது. ஒரு வீட்டின் ஒரு குழந்தைக்கு அதிலிருந்து ஜாதகம் எழுத முடியாது.

இதோடு சேர்த்து, கிராசினா கோகான்ஸ்கா கண்டது பெற்றோருக்கு உதவக்கூடியது. சின்னக் குழந்தைகளுக்குத் 'தொடாதே' என்பதற்கு இணங்குவதைவிட, 'இதைச் செய்துகொண்டே இரு' என்பதற்கு இணங்குவது கடினமாக இருக்கிறது. இரண்டு வயதில் பொம்மைகளை எடுத்து வைக்கச் சொன்னால் பாதியில் விட்டுப் போகும் குழந்தையை, அவன் எதையும் தொடாமல் இருக்கக் கற்றுக்கொண்டதையே காட்டி, இதையும் செய்யலாமே என்று கடிந்துகொள்வது நியாயமில்லை.

மார்ச் 17

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த மாதக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். மருத்துவர் குறித்த பிரசவ நாளிலிருந்து கணக்கிடுங்கள். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்து இப்போது ஒன்பது மாதம் ஆன குழந்தையை ஏழு மாதக் குழந்தையாகப் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கணக்கிடுவது வழக்கம். மேலே நான் சொன்ன கிண்ண விளையாட்டை அந்தக் குழந்தையோடு ஆடிப் பார்க்க விரும்பினால் தாராளமாக ஆடலாம், ஆனால் அதைப் பரிசோதனையாகக் கொள்ளாதீர்கள். வளர்ச்சியில் ஐயம் இருந்தால் குழந்தைநல மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.